நடுவில் பச்சை, ஓரத்தில் காக்கி

ஜனவரி 24

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். அத்தானுக்குத்தான் வலது முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே மக்கர் செய்கிறது. உன் இருமல் தேவலையா? பூச்சி உருண்டை வாசனையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் இருமாமல் என்ன செய்யும்? ஜன்னலைத் திறந்து வை என்றால், தூசி வரும் என்பாய். உன்னோடு யார் மல்லுக்கட்டுவது.

இப்போது ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் தையல்கூடத்தில் என் மெஷினுக்கு எதிர்ச்சுவரில் ஒரு பூச்சி இருக்கிறது. பூசணி விதை மாதிரி தட்டையாக, இரண்டு முனையும் கூராக, சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அழுக்கு என்று நினைத்துத் துடைப்பத்தால் தட்டிவிடுவோமே, அதுதான். அது அழுக்கில்லை. உறைக்குள் ஒரு புழு குடியிருக்கிறது. பழுப்புத் தலை, வெளுத்த உடம்பு, தலைக்குக் கீழே மூன்று ஜோடிக் கால். அவ்வளவை மட்டும் வெளியே நீட்டி, வீட்டை இழுத்துக்கொண்டு சுவரில் நடக்கிறது. முன்னால் பென்சிலை வைத்து மறித்தேன். உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் மறுமுனை வழியாகத் தலையை நீட்டுகிறது! அதற்கு முன்வாசல், கொல்லைவாசல் என்ற பேதம் கிடையாது.

எங்கள் சுவரில் இருப்பது சாம்பல் இல்லை, பச்சை. மூன்றாம் தேதியிலிருந்து பதினெட்டு வரை ஆஸ்பத்திரி ஆட்களுக்குப் பச்சைச் சீருடை வெட்டினோம். தரையெல்லாம் பச்சைப் பிசிறு. அதைப் பொறுக்கித்தான் உறை செய்திருக்கிறது. பத்தொன்பதிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நீலம். இப்போது பார்த்தால் அதே உறையில் இரண்டு பக்கமும் நீளவாட்டில் நீலக்கோடு.

அது எப்படி வந்தது என்று நேற்று பார்த்துவிட்டேன். அந்தப் புழு பக்கத் தையலைப் பிரிக்கிறது, தம்பி. பிரித்து, இடையில் துண்டு வைக்கிறது. நான் சட்டையைப் பெரிதாக்குகிற மாதிரியே! கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பீஸ் ரேட்டுக்கு வருமான்னு கேளும்மா, ஒரு மெஷின் போட்டுத் தரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து எனக்குப் பூச்சியம்மா என்று பெயர்.

நீ பதினோரு வருஷமாகப் பூச்சிகளோடு குடித்தனம் நடத்துகிறவன். இதைப் பற்றி உங்கள் அருங்காட்சியகத்தில் என்ன சொல்கிறார்கள் என்று எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம்.

இருமல் குறைந்திருக்கிறது. ஜன்னல் திறக்கவில்லை. அத்தானைக் கீழ் வீடாகப் பார்க்கச் சொல்.

நீ சொல்வது ஒரு சின்ன அந்துப்பூச்சியின் புழு. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். தாய்ப்பூச்சி, சுவரும் தரையும் சேரும் மூலைத் தூசியில் இருநூறு முட்டை வரை இடும். வெளிர்நீல முட்டை, கண்ணுக்குத் தெரியாது. பொரிக்கப் பத்து நாளுக்கு மேல் ஆகும். புழு வெளியே வந்த உடனே உறை கட்டத் தொடங்கிவிடும். ஏறக்குறைய ஐம்பது நாள் புழுவாக இருக்கும். அதற்குள் ஐந்தாறு முறை தோல் உரிக்கும். அப்புறம் சுவரில் உறையை ஒட்டவைத்து, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகி இரண்டு வாரம் கிடக்கும். பிறகு அந்துப்பூச்சி. சாப்பாடு முக்கியமாக ஒட்டடை.

பக்கத் தையல் விஷயம் மட்டும் நீ கண் அசந்து பார்த்ததாக இருக்கும். எங்கள் பிரிவின் தலைவி டாக்டரம்மா, வீட்டுப் பூச்சிகளைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதி வருகிறார். அதன் பதினான்காம் பக்கத்தை உனக்காகவே பார்த்து எழுதுகிறேன்: "புழு வளர வளர, உறையின் இரு முனைகளிலும் புதிய இழைகளைச் சேர்த்து நீளமாக்கிக்கொள்கிறது." முனைகளில். பக்கத்தில் இல்லை. அவர் படித்த படிப்புக்கு நாம் என்ன சொல்வது?

போன வாரம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். என் பொறுப்பில் இருக்கும் நாற்பது இழுப்பறைகளையும் திறந்து பார்த்தார்கள். வந்தவர் வெள்ளைக் கைக்குட்டையால் தடவிப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. உதவியாளர் வேலைதான், ஆனால் இந்தக் கட்டடத்தில் ஒரு பொட்டுத் தூசி இல்லாத அறை எது என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

அன்புடன் தம்பி


பிப்ரவரி 13

தம்பிக்கு,

கீழ் வீட்டுக்கு வாடகை நீ கொடுப்பாயா? அத்தான் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பொழுதை ஓட்டுகிறார். கைக்குட்டைக் கதையை அவருக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம ஆளு கில்லாடிதான்" என்றார். எனக்கும் பெருமைதான்.

ஆனால் "உனக்குப் புரியும்படி" என்று எழுதியிருக்கிறாய் பார், அதை வைத்துக்கொள், உனக்கே உதவும்.

உன் டாக்டரம்மா பெரிய படிப்புப் படித்தவர். வளரும் பிள்ளைக்குச் சட்டை தைத்ததில்லை போலிருக்கிறது. நீளத்தை மட்டும் கூட்டினால் போதுமா? பிள்ளை பெருக்காதா? நீ எட்டாம் வகுப்பு படித்தபோது ஒரே வருஷத்தில் மூன்று தடவை உன் சட்டைக்கு அக்குளில் பிரித்துத் துண்டு வைத்தேன். முனையில் மட்டும் சேர்த்திருந்தால் முழங்கால் வரை தொங்கும் சட்டையில் மூச்சு முட்டிச் செத்திருப்பாய்.

பத்து நாளாக மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தச் சுவர் முன்னால்தான் நிற்கிறேன். பாபின் டப்பாவில் இருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். புழு ஒரு பக்கத்தை முழுசாகப் பிரிப்பதில்லை. நடுவிலிருந்து முனை வரை பாதி பிரிக்கிறது. அந்த இடைவெளியில் பட்டு மாதிரி எச்சில் நூலை இழுத்து, பிசிறைப் பதித்து மூடுகிறது. பிறகு உள்ளேயே திரும்பி மறுபாதி. அப்புறம் அடுத்த பக்கம். முழுக்கப் பிரித்தால் அம்மணமாகிவிடுமே! இந்த யோசனை எங்கள் மாஸ்டருக்கே கிடையாது.

ஏழாம் தேதியிலிருந்து காக்கி வெட்டுகிறோம், பஸ் கண்டக்டர்களுக்கு. நீலத்துக்கு வெளியே இப்போது காக்கி ஏறுகிறது. எந்தத் தேதியில் எந்த நிறம் என்று ஆர்டர் நோட்டில் இருக்கிறது. அந்த உறையைப் பார்த்தே அதற்கு எத்தனை நாள் வயது என்று நான் சொல்லிவிடுவேன்.

ஒரே கவலை. மார்ச் பதினைந்து சுவருக்கெல்லாம் வெள்ளையடிக்கப் போகிறார்கள். முதலாளியம்மா ஆள் பேசிவிட்டார். அதற்கப்புறம் ஒரு பூச்சி மிஞ்சாது. உன் டாக்டரம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல். பயமாக இருந்தால் சொல்லாதே.

அக்கா


பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பயமா, எனக்கா? போய்ச் சொன்னேன். கொஞ்சம் வியர்த்தது, அவ்வளவுதான்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். உன் இரண்டு கடிதங்களையும் வாங்கி அவரே படித்தார். முழங்கால் மாடிப்படி எல்லாம் சேர்த்துத்தான். 'அம்மணமாகிவிடுமே' இடத்தில் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "நீலம் நீளவாட்டில் ஓடுதுன்னா உங்க அக்கா சொல்றதுதான் சரி. ஆனா நான் பார்க்கணும். பார்க்காம ஒரு வரியை மாத்த மாட்டேன்" என்றார். உறை வந்தால் பதினான்காம் பக்கத்தைத் திருத்தி, கண்டு சொன்னவர் என்று உன் பெயரையும் போடுவாராம். அச்சில், அக்கா! நம் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகை தவிர வேறெதில் பெயர் வந்திருக்கிறது?

வெள்ளையடிப்பதற்குள் எடுத்து அனுப்பிவிடு. பஞ்சு வைத்து அனுப்பு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். பூச்சி உறை கையாளத் தெரிந்தவன் உன் வீட்டிலேயே இருக்கிறான்.

பெருமையுடன் தம்பி


மார்ச் 7

தம்பிக்கு ஆசிகள்.

எல்லோரும் சௌக்கியம். முழங்கால்கூட.

இதோடு ஒரு பட்டன் டப்பி வருகிறது. உள்ளே பஞ்சில் இருப்பதுதான் அது. பிப்ரவரி பதினெட்டாம் தேதி தலையைச் சுவரோடு தைத்துக்கொண்ட மாதிரி நின்றுவிட்டது. அப்புறம் அசையவில்லை. தினமும் வந்தவுடன் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான். மாஸ்டரும் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுப் போவார். மார்ச் நான்காம் தேதி காலை வந்தால், ஒரு முனை பிளந்து, காலித் தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பூச்சி போய்விட்டது. ஒன்றரை மாதம் காவல் காத்தவளுக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மெஷினைச் சத்தமாக ஓட்டினேன்.

பிளேடால் சுவரிலிருந்து மெல்ல எடுத்தேன். நடுவில் பச்சை. அதன் இரண்டு பக்கமும் நீலம். ஓரத்தில் காக்கி. கரையெல்லாம் நேர்கோடாக ஓடுகிறது. முப்பது வருஷம் தைத்தவள் சொல்கிறேன், அந்த வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சுவரில் வேறு ஏழெட்டு இருந்தன. இவ்வளவு நன்றாக எதுவும் இல்லை. பதினைந்தாம் தேதி எல்லாம் சுண்ணாம்புக்குள் போய்விடும். இது ஒன்றுதான். இதைத்தான் நம்பியிருக்கிறேன். ஆறாம் வகுப்போடு நின்ற என் பெயர் அச்சில் வருவதற்காக மட்டும் சொல்லவில்லை. நான் பார்த்ததைப் பார்த்தேன் என்று ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கிடைத்தவுடன் எழுது.

அக்கா


மார்ச் 22

அன்பு அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமா? அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது என்று இங்கே ஒருவர் சொன்னார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. துணியை நன்றாகப் பிழிந்து வைக்க வேண்டும். இடது காலுக்கும் சேர்த்துக் கொடுத்தால் தப்பில்லை.

டப்பி வந்தது. டாக்டரம்மாவுக்கு வேலை அதிகம். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 1

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

நீங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாம் சந்தித்ததில்லை. உங்கள் தம்பி பணிபுரியும் பூச்சிப் பிரிவின் தலைவி நான். உங்கள் முகவரியை அவருடைய பணிப்பதிவேட்டிலிருந்து எடுத்தேன்.

நீங்கள் அன்போடு அனுப்பிய உறை தபாலில் நனைந்து உருவழிந்துவிட்டது என்று உங்கள் தம்பி சொன்னார். மனம் மிக வருந்தியது. அவரும் அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. என் சிறுநூல் ஜூன் மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அதற்குள் இன்னொரு உறை கிடைத்தால் என் தவறைத் திருத்திக்கொள்வேன். கிடைக்காவிட்டால், நான் கண்ணால் காணாததை எழுத முடியாது. பழைய வரியே நிற்கும். உங்கள் கடிதம் உண்மையைச் சொல்கிறது என்றே என் மனம் சொல்கிறது. ஆனால் மனம் சொல்வது சான்றாகாது. நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

மரியாதையுடன்,
பூச்சிப் பிரிவுத் தலைவி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

உங்கள் டாக்டரம்மா எனக்குக் கடிதம் எழுதினார். டப்பி தகர டப்பி. அதை மெழுகுத் துணியில் சுற்றி, நானே தைத்து அனுப்பினேன். நான் தைத்ததற்குள் தண்ணீர் போகாது.

என்ன செய்தாய்?

மூன்றாம் வகுப்பில் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, எழுத்து கோணல் என்று வாத்தியார் வருவதற்குள் சிலேட்டைத் துடைத்துவிட்டு அடி வாங்கினாயே, அது எனக்கு ஏன் இப்போது ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை. இல்லை, தெரிகிறது.

உண்மையை எழுது.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை.

தபால் நனையவில்லை. டப்பி மார்ச் பதினேழாம் தேதி வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குப் பார்ப்பதாக டாக்டரம்மா சொன்னார். சாயங்காலம் என் மேஜையில் திறந்து வைத்தேன். பிசிறு சிலிர்த்து, சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டி, பார்க்க அலங்கோலமாக இருந்தது. என் அக்கா அனுப்பியது இப்படியா பெரியவர்கள் முன்னால் போய் நிற்பது என்று தோன்றியது. மெல்லிய தூரிகையை எடுத்தேன். ஒரு துளி ஸ்பிரிட் தொட்டேன். சுண்ணாம்பு போனது. அழகாக இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் காக்கி நீட்டிக்கொண்டிருந்தது, அதை எடுத்தேன். அப்புறம் கை நிற்கவில்லை. தூரிகை நுனியில் நீலச் சுருள் ஒன்று வந்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்குள் உறை சாம்பல் நிறப் பட்டுத் துண்டாகிவிட்டது.

உன் கடிதம் பக்கத்திலேயே இருந்தது. நிறம்தான் விஷயம் என்று எனக்குத் தெரியாமலில்லை. பதினோரு வருஷமாகப் பழகிய கை அது. தூசியைக் கண்டால் எடுத்துவிடும். அந்தக் கையைப் பற்றித்தான் உனக்குப் பக்கம் பக்கமாகப் பெருமை அடித்தேன்.

டாக்டரம்மாவிடம் பொய் சொன்னேன். உன்னிடம் சொல்லாமல் ஒத்தடத்தைப் பற்றி எழுதினேன். அந்தக் கடிதத்தை நினைத்தால் கூசுகிறது.

சாம்பல் உறை இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. எறிய மனம் வரவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பதில் மட்டும் போடு.

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் ஏப்ரல் கடிதமும், அதற்குப் பிறகு மே மாதம் நீ போட்ட மூன்றும் வந்தன. பதில் போட்டால் திட்டிக்கொண்டே இருப்பேன், வேலை கெடும் என்று போடவில்லை. வேலை இருந்தது.

உன் கடிதம் படித்த அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாஸ்டர் என்னவென்று கேட்டார். சொன்னேன். மூன்று மாதமாக என்னைப் பூச்சியம்மா என்று கூப்பிட்ட மனுஷன், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "நூல் அலமாரியை யாருமே நகர்த்தலையேம்மா" என்றார். வெள்ளையடித்தவர்கள் கனமாக இருக்கிறது என்று அதை அப்படியே விட்டுச் சுற்றி அடித்திருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து நகர்த்தினோம். பின்னால் பழைய சுவர், அலமாரி அகலத்துக்கு. அதில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது.

அகலவாய் பாட்டிலில் விட்டு, துணி கட்டி, என் மெஷின் பக்கத்தில் வைத்தேன். சாப்பாட்டுக்கு ஒட்டடை வேண்டும், எங்கள் சுவரோ பளபளவென்று இருக்கிறது. மாஸ்டர் வீட்டுப் பரணிலிருந்து தினமும் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். "எங்க வீட்டு ஒட்டடைக்கு இப்படி ஒரு மரியாதை வரும்னு என் சம்சாரத்துக்கே தெரியாது" என்றார். வெட்டுத்துணி மூட்டையில் தேடி, பழைய ஆஸ்பத்திரிப் பச்சை, பள்ளி நீலம், காக்கி மூன்றையும் எடுத்து, பிளேடால் சுரண்டிப் பிசிறாக்கினேன். நான் எழுதியது பச்சை, நீலம், காக்கி. கொடுப்பதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு நிறம் போட்டால் முந்தின நிறத்தை ஒரு இழை விடாமல் எடுத்துவிடுவேன். தேதிகளை மாஸ்டர் எழுதினார். முதலாளியம்மாவும் பட்டன் தைக்கும் அக்காவும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தாள் உள்ளே இருக்கிறது.

மே முப்பத்தொன்றில் புழு பாட்டிலின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஜூன் பதினான்கு, மத்தியானம் மூன்று மணி. துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடிக்கிறவள்தான் முதலில் பார்த்தாள். எட்டு மெஷினும் நின்றது. முதலாளியம்மா ஏன் சத்தமில்லை என்று வந்தவர், அவரும் நின்றுவிட்டார்.

உறையின் ஒரு முனை பிளந்து பழுப்பாக ஒன்று பாதி வெளியே வந்தது. அதன் முதுகு வெடித்தது. உள்ளிருந்து ஈரமாக, கசங்கலாக ஒரு பூச்சி. அதன் இறக்கை, துவைத்துப் போட்டு இஸ்திரி போடாத துணி மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே நீவி நிமிர்ந்துகொண்டது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. சாம்பல் நிறம். இறக்கையில் நாலு கரும்புள்ளி. ஓரம் முழுக்க நீளநீளமாக மயிரிழைக் குஞ்சம், எந்தக் கடையிலும் கிடைக்காத மாதிரி. தலையில் கலைந்த முடி, அத்தான் தூங்கி எழுந்தால் இருக்குமே அப்படி.

"இவ்வளவு தையலும் இதுக்காகவா? கலரே இல்லையேம்மா" என்று மாஸ்டர் கேட்டார்.

"கலரெல்லாம் சட்டையில இருக்கு மாஸ்டர். கழட்டி வச்சுட்டுப் போகுது" என்றேன்.

ஜன்னல் பக்கம் போய்த் துணியை அவிழ்த்துவிட்டேன். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துவிட்டேன், தம்பி. எனக்கு அது போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம், ஏன் போதும், என் பெயரும் வரட்டும் என்று தோன்றியது.

தபால் உறையில் உன் டாக்டரம்மா முகவரியைத்தான் எழுதினேன். ஒட்டியும்விட்டேன். அப்புறம் கிழித்துப் போட்டுவிட்டு உன் பெயரை எழுதினேன். அத்தான், "மறுபடியும் அவனுக்கா?" என்றார். ஆமாம், அவனுக்குத்தான். ஊரெல்லாம் என் தம்பி பூச்சிப் பிரிவில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, உன் தலைக்கு மேல் இன்னொருவருக்கு அனுப்பினால் அந்தப் பெருமையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

டப்பியைத் திற. நன்றாகப் பார். துடைக்காதே.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு வணக்கம். அத்தானுக்கும், மாஸ்டருக்கும், கையெழுத்துப் போட்டவர்களுக்கும்.

திறந்தேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். நடுவில் பச்சை, இருபக்கமும் நீலம், ஓரத்தில் காக்கி. துடைக்கவில்லை. மூடி எடுத்துக்கொண்டு நேரே டாக்டரம்மா அறைக்குப் போனேன். உன் டப்பியை வைப்பதற்கு முன்னால் சட்டைப்பையிலிருந்த சாம்பல் உறையை மேஜையில் வைத்தேன்.

"என்ன இது?"

"முதல்ல வந்ததும்மா. தபால் நனையல. நான்தான் துடைச்சேன்."

அவர் அதை ஓரமாக நகர்த்தி வைத்தார். உன் டப்பியைத் திறந்து நுண்ணோக்கியில் வைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிஷம் ஓடியிருக்கும். பிறகு மாஸ்டர் எழுதிய தேதித் தாளை விரித்துவைத்து, ஒவ்வொரு நிறமாக விரல் வைத்துப் பார்த்தார். கடைசியில் அச்சுக்கு வைத்திருந்த தாள்களை இழுத்து, பதினான்காம் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டார். "உட்காருங்க" என்றார். பதினோரு வருஷத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றுதான். புது வரியை அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்: "பக்கவாட்டில் பாதி பாதியாகப் பிரித்து, இடையில் புதிய இழைகளை இட்டு அகலமாக்குகிறது." அதற்குக் கீழே, எங்களுக்கு இதைக் காட்டியவர் என்று உன் பெயர், தலைப்பெழுத்தோடு, தையற்கலைஞர் என்று.

என்னை வேலையைவிட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். "இந்தச் சாம்பலையும் பக்கத்துல வைங்க. அடுத்து வர்றவங்க இதே தப்பைச் செய்யாம இருக்கட்டும்" என்றார், அவ்வளவுதான். இருபத்து மூன்றாம் இழுப்பறையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சீட்டுகளை என் கையாலேயே எழுதினேன். முதல் சீட்டில், புழுவை வளர்த்து உறையைச் சேகரித்தவர் என்று உன் பெயர், ஊர், தேதி. இரண்டாவது சீட்டில் இப்படி: "சுத்தம் செய்து கெடுத்தவர்: இப்பிரிவின் உதவியாளர், மேற்படியாரின் தம்பி."

டாக்டரம்மா படித்துப் பார்த்தார். "கடைசி ரெண்டு வார்த்தை தேவையா?" என்றார்.

"தேவைம்மா" என்றேன்.

நேற்று மறுபடியும் ஆய்வுக்கு வந்தார்கள். அதே கைக்குட்டைக்காரர். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நானே இருபத்து மூன்றை முதலில் திறந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், முகம் சுளித்தார். "என்னய்யா இது, இங்க தூசி?" என்றார்.

"ஆமாங்க. எங்க அக்கா மெஷினடித் தூசி" என்றேன்.

இருமல் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். சிறுநூல் வந்ததும் உன்னிடம் நேரில் கொண்டுவந்து தருகிறேன், தபாலில் போட மாட்டேன்.

இப்படிக்கு,
மேற்படியாரின் தம்பி